பெரியம்மாவின் நல்லெண்ணெயும் என் இடது கையும்

என் இடது கையின் பெருவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் இடையில் பியானோவின் எட்டு வெள்ளைக் கட்டைகள் அடங்கவில்லை என்பதுதான் அந்த வருடம் எங்கள் குடும்பத்தின் பெருங்கவலை. அப்பாவின் பஸ் டிப்போவில் ஆட்களைக் குறைக்கப் போகிறார்கள் என்ற பேச்சுகூட ஒரு சாப்பாட்டு நேரத்தோடு முடிந்துவிட்டது. என் கை அப்படி முடிகிற விஷயமாக இல்லை. காலையில் பாணுக்குப் பட்டர் பூசும்போதும் அதுதான் பேச்சு. கோயிலில் தெரிந்தவர்களைக் கண்டால், சுகம் விசாரித்து முடிப்பதற்குள் அம்மா என் கையைப் பிடித்து விரித்துக் காட்டிவிடுவார். பார்த்தவர்கள் எல்லோரும் சொல்லிவைத்ததுபோல, "ஐயோ, சின்னக் கையா இருக்கு" என்பார்கள். அந்தக் கையைக் கழற்றி எங்கேயாவது வைத்துவிட்டுப் போகலாம் போல எனக்கு இருக்கும்.

அப்போது எனக்குப் பதினொரு வயது. சிட்னியில் சங்கீதத்துக்கென்று பெயரெடுத்த அரசாங்கப் பள்ளிக்கூடம் ஒன்றில் ஏழாம் வகுப்புக்குப் பிள்ளைகளை ஒடிஷன் வைத்து, வாசிக்கச் சொல்லிக் கேட்டு எடுப்பார்கள். அந்தப் பள்ளிக்கூடத்தைச் சுற்றிப் பார்க்கப் போன நாளில் ஒரு சின்ன அறையின் கதவைத் திறந்து காட்டினார்கள். உள்ளே ஒரு பெரிய கறுப்புப் பியானோ, ஒரு ஸ்டூல், வேறொன்றும் இல்லை. கதவைச் சாத்தினால் வெளிச்சத்தம் கேட்காதாம். எங்கள் வீட்டில் நான் வாசிக்க உட்கார்ந்தால் ஒரு பக்கம் குக்கர் கூவும், மறுபக்கம் அப்பாவின் கிரிக்கெட் கத்தும். அந்த அறை எனக்கு வேண்டும் என்று அடங்காத ஆசை வந்துவிட்டது. அம்மாவுக்கும் அந்தப் பள்ளிக்கூடம் வேண்டும். இடம் கிடைத்துவிட்டதுபோலவே அவர் தெரிந்தவர்களில் பாதிப் பேரிடம் சொல்லி வைத்திருந்தார்.

ஒடிஷனுக்கென்று பியானோ மிஸ் தெரிந்தெடுத்தது மெதுவான, அழகான ஒரு பாட்டு. அதன் கடைசிப் பக்கத்தில் ஓரிடத்தில் மட்டும் இடது கை மூன்று சுரங்களை ஒரே நேரத்தில் அழுத்திப் பிடிக்க வேண்டும். கீழ்ச்சுரத்திலிருந்து மேல்சுரம் எட்டாவது கட்டை. சுண்டுவிரலைக் கீழே வைத்தால் என் பெருவிரல் ஒரு கட்டை குறையவே நின்றுவிடும். எட்டிப் பிடித்தேனோ, சுண்டுவிரல் வழுக்கி இரண்டு கட்டைகளுக்கு நடுவில் விழும். அப்போது வருகிற சத்தம் பாட்டு முழுவதையும் நாசமாக்கிவிடும்.

மிஸ் லெபனான்காரர். ஹரிஸ் பார்க்கில், ஜிலேபிக் கடைக்குப் பின்னால் போகிற தெருவில், பலகை வீடு ஒன்றில் இருந்தார். அவருக்கு இது ஒரு பிரச்சினையாகவே தெரியவில்லை. மூன்றையும் ஒன்றாக அழுத்த வேண்டாம், கீழிருந்து மேலே ஒன்றன்பின் ஒன்றாகச் சட்டென்று உடைத்து வாசி, சின்னக் கைக்காரர் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள், ஒருவரும் பிழை பிடிக்க மாட்டார்கள் என்று சொன்னார். தன் உள்ளங்கையை என் உள்ளங்கையோடு சேர்த்து வைத்துக் காட்டினார். அவருடைய கை என்னுடையதைவிட ஒரு நகத்தளவுதான் பெரிது. எனக்கு ஆறுதல் வந்திருக்க வேண்டும். வந்ததோ வேறொரு எண்ணம். மேடையில் வாசிக்க வேண்டியவர் இப்படி ஜிலேபிக் கடைக்குப் பின்னால் இருந்து சொல்லிக்கொடுப்பதற்கு இந்தக் கைதான் காரணம் என்று முடிவுகட்டிவிட்டேன்.

அம்மா மிஸ்ஸுக்கு முன்னால் நன்றாகத் தலையை ஆட்டினார். காரில் ஏறிக் கதவைச் சாத்தியதும், "முழுசா வாசிக்க ஏலாத பிள்ளை எண்டு நினைக்க மாட்டினமோ?" என்றார். நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சரி, சித்தியைக் கேட்போம் என்று முடிவாயிற்று. அம்மாவோடு கூடப் பிறந்தவர்கள் இரண்டு பேர். மூத்தவர் பெரியம்மா, கடைசி சித்தி. சித்தி ஆஸ்பத்திரி ஒன்றில் பிசியோவாக இருந்தார். அதிலும் கைகளை மட்டும் பார்க்கிற பிரிவு. கதவிடுக்கில் விரல் நசுங்கியவர்கள், தொழிற்சாலை மெஷினில் கையைக் கொடுத்தவர்கள் எல்லோரையும் மறுபடி கரண்டி பிடிக்கவும் பட்டன் போடவும் வைப்பது அவருடைய வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தவர் என் கையை மடியில் வைத்து, ஒவ்வொரு மூட்டாகத் தொட்டுப் பார்த்தார்.

முதலில் இளஞ்சூட்டு நீரில் கையை வைக்கச் சொன்னார். பிறகு மேசைமேல் கையைக் கவிழ்த்து, தானாக எவ்வளவு விரிகிறதோ அவ்வளவுக்கு விரித்து, ஒரு மூச்சு விட்டு, சேர்க்கச் சொன்னார். மற்றக் கையால் பிடித்து இழுக்கக் கூடாது. தோளை இறுக்கக் கூடாது. மணிக்கட்டு இளகினால்தான் விரல் தூரம் போகும் என்று சொல்லி, என் மணிக்கட்டைத் தூக்கி ஆட்டிக் காட்டினார். "நொந்தால் நிப்பாட்டு. விறைச்சாலும் நிப்பாட்டு. கை சொல்லுறதை நீ கேக்க வேணும்." எவ்வளவு நாளில் எட்டும் என்று அம்மா கேட்டார். மாதக் கணக்கில் கொஞ்சம் இளகும், மிச்சத்துக்கு எலும்பு வளர வேண்டும், அது தன் பாட்டில்தான் வளரும் என்றார் சித்தி. ஒடிஷன் அடுத்த மாதம் என்று அம்மா சொன்னபோது, "அப்ப மிஸ் சொன்ன மாதிரி உடைச்சு வாசிக்கட்டும்" என்று தேத்தண்ணியை எடுத்துக்கொண்டார்.

படித்த படிப்புக்கு ஆஸ்பத்திரியில் சித்திக்கு ஒரு மேசையும் கதவில் பெயரும் இருந்தன. எங்கள் வீட்டில் அவர் சின்னவள். சின்னவள் சொல்வதை எல்லோரும் பாசத்தோடு கேட்பார்கள், கேட்டுவிட்டு விட்டுவிடுவார்கள். நான் மட்டும் ஒரு வாரம் மேசையில் கையை விரித்து விரித்துச் சேர்த்தேன். ஒன்றும் நடப்பதாகத் தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் பெரியம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். முதியோர் இல்லத்தில் அம்மாவின் வேலை பின்னேரத்துக்கு மாறியிருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வருகிற எனக்குத் துணையாகச் சில வாரங்கள் இருக்கட்டும் என்று அப்பா போய்த் துங்காபியில் அவர் இருந்த வீட்டிலிருந்து கூட்டி வந்தார். ஒரு சூட்கேஸ், ஒரு பெரிய போத்தல் நல்லெண்ணெய்.

பெரியம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மேற்குச் சிட்னியில் எங்கள் ஆட்கள் வீட்டில் குழந்தை பிறந்தால், ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கையோடு அவருக்குத்தான் போன் போகும். பெரியம்மா பாத்ரூமில் காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் கால்மேல் கிடத்தி, எண்ணெய் பூசி, கை கால்களை நீவி இழுத்து, மூக்கைப் பிடித்து, தலையை உருட்டி, வெந்நீர் வார்ப்பார். அந்தக் குழந்தைகள் வளர்ந்த பிறகு, பிறந்தநாள் விழாக்களில் ஒரு கதிரையில் இருந்தபடி, ஓடித் திரிபவர்களைக் காட்டி, "அது நான் பிடிச்ச மூக்கு" என்பார். அவர் பிடித்தும் சரிவராத மூக்குகளும் இருந்தன. அவற்றுக்குத் தாய்க்காரி சொன்னபடி செய்யவில்லை என்று ஒரு காரணம் தயாராக இருக்கும்.

என்னையும் அவர்தான் குளிப்பாட்டியிருக்கிறார். ஆகவே என் கையின் குறைக்குத் தானும் பொறுப்பு என்று நினைத்தாரோ என்னவோ, வந்த அன்றே கையை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார். "பிஞ்சு எலும்பு. இழுத்தால் வரும்" என்றார். சின்னவள் இழுக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறாள் என அம்மா மெதுவாகச் சொன்னார். "அவளைத் தூக்கி வளத்தது ஆர்?" என்று பெரியம்மா கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, சிரித்துக்கொண்டுதான் கேட்டார்.

அதற்கு மேல் யாரும் பேச முடியாது. ஊரில் சண்டை நடந்த காலத்தில் தாயும் தகப்பனும் அடுத்தடுத்துப் போய்விட, பத்தொன்பது வயதுப் பெரியம்மாதான் தங்கச்சிமார் இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டு இடம் இடமாக ஓடியிருக்கிறார். தான் படிக்காமல் அவர்களைப் படிப்பித்திருக்கிறார். அந்தக் குடும்பத்தில் பெரியம்மாவைப் பார்த்துப் பிழை என்று சொன்னவர் ஒருவரும் கிடையாது.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் குசினி மேசையில் என் கைக்குப் பூசை தொடங்கும். சிறிய சட்டியில் நல்லெண்ணெய் சுடும். அந்தச் சூட்டோடு உள்ளங்கையை அழுத்தித் தேய்த்து, பெருவிரலை ஒரு பக்கமும் சுண்டுவிரலை மறுபக்கமும் பிடித்து, மூச்சை அடக்கிக்கொண்டு இழுப்பார். பிறகு ஒரு ஜாம் போத்தலின் வாயில் விரல்களை விரித்து வைத்து, துணியால் சுற்றிக் கட்டிவிடுவார். அப்படியே டிவி பார்க்க வேண்டும். சில நாள் போக, ஜாம் போத்தல் போய், அதைவிட வாய் அகன்ற பால்மாத் தகரம், பால்மாப் பேணி வந்தது. இதையெல்லாம் பார்த்த அப்பா, அக்கா தங்கைமார் மூவரின் விஷயத்தில் தனக்கு இடமில்லை என்று தெளிந்து, கார் கழுவப் போய்விட்டார். அந்த மாதம் எங்கள் கார் பளபளவென்று இருந்தது.

நொந்தது. அப்படி நொந்தது. "நோகத்தான் செய்யும் என்ர குஞ்சு. நொந்தால் எண்ணெய் இறங்குது எண்டு அர்த்தம்" என்று சொல்லி, இழுத்து முடிந்ததும் கையைத் தூக்கிக் கொஞ்சுவார். எனக்குப் பெரியம்மாவை மிகவும் பிடிக்கும். அவர் கொஞ்சும்போது நோ குறைந்ததுபோலவே இருக்கும். நோவை மறக்க எனக்கு ஒரு கதையும் சொல்வார். எப்போதும் ஒரே கதை.

"உன்ர சித்திக்கு அப்ப எட்டு வயசு. ஓடுற ஓட்டத்தில விழுந்து, கை முறிஞ்சு தொங்குது. டொக்டரும் இல்லை, மருந்தும் இல்லை. நான்தான் இழுத்துப் பொருத்தி, பனை மட்டை வைச்சுக் கட்டினனான். கத்தினாள், நான் விடேல்லை. இண்டைக்கு அந்தக் கையாலதான் வெள்ளைக்காரற்ற கையெல்லாம் பாக்கிறாள்." இதைச் சொல்லும்போது பெரியம்மாவின் முகத்தில் ஒரு வெளிச்சம் இருக்கும். அவர் வாழ்க்கையில் தனக்கென்று பெருமைப்பட்டது அந்த ஒரு விஷயத்துக்குத்தான் என்று நினைக்கிறேன். கேட்கக் கேட்க எனக்கும் துணிச்சல் வரும். முறிந்த கையையே பொருத்தியவருக்கு என் கை எம்மாத்திரம்?

ஒரு நாள் எட்டியது. பெருவிரலின் ஓரம் எட்டாவது கட்டையைத் தொட்டு, மூன்று சுரமும் சேர்ந்து கேட்டது. நான் போட்ட சத்தத்தில் பெரியம்மா குசினியிலிருந்து அகப்பையோடு ஓடி வந்தார். அன்றைக்கே கேசரி கிண்டினார். அம்மா வேலையால் வந்து, யூனிஃபார்மைக்கூட மாற்றாமல், அந்த இடத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொல்லிக் கேட்டார். அவர் கண் கலங்கியதைப் பார்த்தேன். அந்த மூன்று சுரத்தை இனி விடவே கூடாது என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் பெருவிரலின் அடிப்பாகம் தடித்திருந்தது. பல் துலக்கும்போது டியூபை அமுக்க முடியவில்லை. பள்ளிக்கூடத்தில் லஞ்ச் பெட்டியின் மூடியைத் திறக்கப் பக்கத்துப் பிள்ளையிடம் கொடுத்தேன். பின்னேரம் எண்ணெய் சுடும் மணம் வந்தபோது முதல் தடவையாகப் புத்தகப்பையை அடுக்குகிற மாதிரி அறையிலேயே நின்றேன். ஆனாலும் போய் உட்கார்ந்தேன். நோகிறது என்று சொன்னால் நிறுத்திவிடுவார்கள், நிறுத்தினால் எட்டாமல் போய்விடும், அவ்வளவுதான் என் கணக்கு. அடுத்தடுத்த நாட்களில் விரல் நுனிகள் விறைத்து, எறும்பு ஊர்வதுபோல இருந்தது. எட்டிய கட்டையும் எட்டாமல் போயிற்று. வீங்கிய கை எப்படி விரியும்? "பிடிச்சது விட்டுப்போச்சு, இன்னும் கொஞ்சம் இழுத்தால் சரி" என்றார் பெரியம்மா.

ஒடிஷனுக்கு முந்தின சனிக்கிழமை சித்தி மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தார். நான் இடது கையை மேசைக்குக் கீழே மடியில் வைத்துக்கொண்டேன். பேச்சோடு பேச்சாக, சித்தி தண்ணீர் ஜக்கை என் இடது பக்கமாக நீட்டினார். நான் உடம்பைத் திருப்பி வலது கையால் வாங்கினேன். அவருடைய பார்வை அம்மாவிடம் போனது. அம்மா சோற்றைப் பார்த்தார்.

சாப்பாட்டுக்குப் பிறகு பின் வளவில், துணி காயப்போடும் கம்பிக்குப் பக்கத்தில் நின்று இரண்டு பேரும் தாழ்ந்த குரலில் பேசினார்கள். நான் கதவுக்கு உள்ளே நின்று கேட்டேன். "அக்காவுக்கு நான் என்னெண்டு சொல்லுறது? நீ சொல்லன்" என்றார் அம்மா. "நான் சொன்னால் கேப்பாவோ? நான் ஏதும் சொல்லப் போய், அவ கதையை வேற பக்கம் கொண்டு போனா எண்டால்..." என்று சித்தி பாதியில் நிறுத்தினார். ஒரு பால்மாப் பேணிக்கு இவர்கள் இப்படிப் பயப்படுகிறார்களே என்று எனக்கு வியப்பாக இருந்தது.

திங்கட்கிழமை பின்னேரம். ஒடிஷன் புதன்கிழமை. அம்மா அன்று லீவு போட்டிருந்தார். பெரியம்மா வழமையைவிட அதிகமாக எண்ணெய் சுட வைத்தார். இன்றைக்கு ஒரே இழுவையில் சரிக்கட்டிவிடலாம் என்றார். கையை நீட்டினேன். பெரியம்மா அதை எண்ணெய்க் கைகளுக்குள் பொத்திப் பிடித்து, பெருவிரலை மடக்கிப் பிடித்தார். அம்மா அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு, காலியான சட்டி ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அப்போது முன்கதவு திறந்தது. சித்தி வேலையிலிருந்து நேராக வந்திருந்தார். கழுத்தில் ஆஸ்பத்திரி அட்டை தொங்கியது, சப்பாத்துகூடக் கழற்றவில்லை.

"அக்கா, பிள்ளையின்ர கையை விடுங்கோ."

பெரியம்மா நிமிர்ந்து பார்க்கவில்லை. "வா, தேத்தண்ணி குடி. இண்டைக்கு ஒருக்கா இழுத்துவிட்டால் காணும்."

"இழுத்தது காணும். அது வீங்கியிருக்கு. இனியும் இழுத்தால் ஒரேயடியாப் பழுதாப் போகும். விடுங்கோ எண்டு சொல்லுறன்."

பெரியம்மாவிடம் அந்தக் குரலில் யாரும் பேசி நான் கேட்டதில்லை. பெரியம்மாவும் கேட்டிருக்க மாட்டார். அவர் முகம் சிவந்துபோயிற்று. என் கையை விடாமலே, "எனக்குச் சொல்லித் தாறியோ? உன்ர கையைப் பொருத்தினது ஆர்?" என்றார்.

சித்தி அம்மாவைப் பார்த்தார். அம்மா இப்போது திரும்பி நின்று, வேண்டாம், வேண்டாம் என்பதுபோலத் தலையை ஆட்டினார். சித்தி கண்ணை ஒருமுறை மூடித் திறந்தார். பிறகு சட்டைக் கையை இரண்டு பக்கமும் மடித்துவிட்டு, என் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொண்டு, இரண்டு கைகளையும் மேசைமேல் கவிழ்த்து வைத்தார்.

"பாருங்கோ" என்றார். வலது உள்ளங்கை மேலே திரும்பியது, காசு வாங்குவதற்கு நீட்டுவதுபோல. இடது கை பாதி திரும்பி, சுண்டுவிரல் பக்கம் மேசையில் ஊன்றி, அப்படியே நின்றுவிட்டது. "இது இவ்வளவுதான் திரும்பும். நீங்கள் பொருத்தின நாளில இருந்து இவ்வளவுதான்."

பெரியம்மா முதலில் சிரிக்கப் பார்த்தார். என் கையை விட்டுவிட்டுச் சித்தியின் கையைப் பிடித்தார். மெதுவாக, மிக மெதுவாக, குழந்தையின் கையைத் திருப்புவதுபோலத் திருப்பினார். அது வரவில்லை. கையோடு சேர்ந்து சித்தியின் தோள்தான் எழும்பியது.

"முந்தி நல்லாத்தானே இருந்தது?"

"தோளைத் தூக்கி மறைச்சனான்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"எப்பிடி அக்கா சொல்லுறது?" சித்தியின் குரல் உடைந்தது. "அண்டைக்கு எனக்கு வேற ஆர் இருந்தது?"

குசினியில் எண்ணெய் புகைக்கத் தொடங்கியது. அம்மா அடுப்பை நிறுத்தினார். பெரியம்மா எழுந்து சிங்க்கில் போய்க் கை கழுவினார். சோப்பைப் போட்டுக் கழுவினார், மறுபடி போட்டுக் கழுவினார். எண்ணெய் அவ்வளவு லேசில் போகாது. "பிழையாப் பொருத்திப்போட்டன்" என்று தண்ணீர் ஓடும் சத்தத்தோடு அவர் சொன்னது எனக்குக் கேட்டது. சிறிது நேரத்தில் தன் சூட்கேஸைக் கொண்டு வந்து முன்கதவுக்குப் பக்கத்தில் வைத்தார். அப்பா கார்த் திறப்பை எடுத்துக்கொண்டு காரைக் கிளப்பப் போனார்.

சித்தி என் பக்கம் திரும்பி, எங்கே நோகிறது என்று கேட்டார். அவ்வளவு நாளும் யாரும் என்னிடம் அப்படிக் கேட்கவில்லை. பெருவிரலின் அடியைக் காட்டி, "இஞ்ச" என்று சொல்லும்போதே எனக்கு ஓவென்று அழுகை வந்துவிட்டது. அவர் கையால் தடவித் தடவிப் பார்த்து, உள்ளே ஒன்றும் அறுந்துவிடவில்லை, தசை நொந்துபோய்விட்டது, புதன்கிழமை வரைக்கும் பியானோவைத் தொடக் கூடாது என்றார். ஐஸ் சுற்றிய துணியை வைத்துப் பிடித்தார். எனக்கோ அவர்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. பெரியம்மாவை நோகடித்துத் துரத்திவிட்டார், என் மூன்று சுரத்தையும் பறித்துவிட்டார். அவருடைய கை திரும்பாவிட்டால் எனக்கென்ன? அந்த ஒரு இழுவையில் எட்டியிருக்கும் என்று நான் மனதார நம்பினேன்.

புதன்கிழமை, ஓடாத வண்டியைத் தள்ளிக்கொண்டு போவதுபோல என் கையைத் தூக்கிக்கொண்டு போனேன். மூன்று பேர் மேசைக்குப் பின்னால் இருந்தார்கள். கடைசிப் பக்கம் வந்தது. இழுத்துப் பிடித்துவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். பெருவிரல் சுரீர் என்றது. சித்தி ஆட்டிக் காட்டியதுபோல மணிக்கட்டு தானாகத் தளர்ந்தது. கீழிருந்து மேலே மூன்று சுரத்தையும் உடைத்து வாசித்தேன். மேசையில் ஒருவரும் அசையவில்லை. ஒருவர் தன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவ்வளவு பாடுபட்ட அந்த இடத்தை அவர்கள் கவனித்ததாகவே தெரியவில்லை.

இடம் கிடைத்தது. அம்மா எல்லோருக்கும் போன் போட்டுச் சொன்னார். பெரியம்மாவுக்கும் சொன்னார். அவர் நல்லது என்றாராம், கையில் இப்போது நோ இருக்கிறதா என்று கேட்டாராம்.

அக்கா தங்கைகள் பகையாகிவிடவில்லை. சித்தி முன்பைவிட அடிக்கடி துங்காபிக்குப் போய் வந்தார். அந்தப் பின்னேரத்தைப் பற்றி யாரும் பிறகு பேசவில்லை. என் கை மறுபடி வழமைக்கு வந்துவிட்டது. மேசையில் விரிப்பதும் சேர்ப்பதுமாக, சித்தி சொன்ன மாதிரியே செய்துகொண்டிருந்தேன். எட்டாவது கட்டை வெகு காலத்துக்குப் பிறகு தானாக வந்தது. அன்று யாரும் கேசரி கிண்டவில்லை.

இப்போது நினைத்தால் நெஞ்சு கனக்கிறது. ஊரும் வீடும் பெற்றோரும் போன பிறகு பெரியம்மாவுக்கு மிஞ்சியது அவருடைய கைகள்தான். அந்தக் கைகளில் அவருக்கு இருந்த நம்பிக்கை கெட்டுவிடக் கூடாது என்றுதான் சித்தி அத்தனை வருடமும் தோளைத் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறார். என் கை போகட்டும் என்று விட்டிருந்தால் இன்றைக்கும் அவர் அப்படியே திரிந்திருக்கலாம். இது எனக்கு விளங்க நெடுங்காலம் எடுத்தது. அப்போது எனக்கு விளங்கியதெல்லாம் இவ்வளவுதான்.

நான் புதுப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மாவோடு வேலை செய்யும் இளம் அன்ரி ஒருவர் புருஷனோடும் கைக்குழந்தையோடும் எங்கள் வீட்டுக்கு வந்தார். பெரியம்மா வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டே வந்திருந்தார்கள். சித்தியும் இருந்தார். பிள்ளை பிறந்த முப்பத்தொன்றாம் நாள் துடக்குக் கழிந்துவிட்டது, நாளையிலிருந்து வந்து பிள்ளையைக் குளிப்பாட்டித் தர வேண்டும், தாங்களே காரில் கூட்டிப்போய்க் கொண்டுவந்து விடுவோம் என்று அந்த அன்ரி கெஞ்சுகிற மாதிரிக் கேட்டார்.

"எனக்கு இப்ப முழங்கால் ஏலாது பிள்ளை" என்றார் பெரியம்மா. "கீழ இருந்தால் எழும்ப ஏலாது. வேற ஆரையும் பாருங்கோ."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அன்று காலையில்தான் கோயிலில் என்னோடு போட்டிபோட்டுப் படியேறியவர் அவர். தரையில் சப்பணம் கட்டி இருந்து சாப்பிட்டவர், கை ஊன்றாமல் எழுந்தவர். "பெரியம்மாவுக்கு முழங்கால் நோவே இல்லையே" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

அம்மா என் தொடையில் கிள்ளினார், நன்றாக நகம் படக் கிள்ளினார். பெரியம்மா மடியில் வைத்திருந்த தன் கைகளைப் பார்த்தார். அப்போது சித்தி முன்னால் சாய்ந்து, "ஓம், அக்காவுக்கு முழங்கால்தான் கரைச்சல். நான்தான் கீழ இருக்க வேண்டாம் எண்டு சொன்னனான்" என்று அந்த அன்ரியிடம் சொன்னார். ஆஸ்பத்திரியில் வேலை செய்கிற சித்தி சொன்ன பிறகு வேறு பேச்சு ஏது? வந்தவர்கள் நம்பிவிட்டார்கள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. உண்மை சொன்ன எனக்குக் கிள்ளு, பொய் சொன்ன சித்தியின் தோளில் பெரியம்மா கையை வைக்கிறார். பெரியவர்களின் நியாயமே நியாயம் என்று தொடையைத் தடவிக்கொண்டு மூலையில் போய் உட்கார்ந்தேன். புறப்படும்போது அந்த அன்ரி, குளிப்பாட்டாவிட்டாலும் ஒருதடவை தூக்கி ஆசீர்வாதம் பண்ணுங்கோ என்று குழந்தையைப் பெரியம்மாவிடம் நீட்டினார். பெரியம்மா அவசரமாகக் கைகளைச் சேலைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டு, "ஐயோ வேண்டாம், முழங்கால் ஏலாது" என்றார். பிள்ளையைக் கையில் வாங்குவதற்கு முழங்கால் எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை.